எலும்பைத் தேடி ஜாவாவுக்கு வந்த டாக்டர் யூஜின் துபுவா

பெங்காவான் சோலோ என்றதும் நம்மில் பலருக்கு அந்தப் பழைய இந்தோனேசியப் பாட்டு நினைவுக்கு வரும். சிங்கப்பூர்வாசிகளுக்கு அதே பெயரில் உள்ள கேக் கடையும் நினைவுக்கு வரலாம். உண்மையில் அது ஜாவாத் தீவின் மிக நீளமான ஆறு. அந்த ஆற்றங்கரையில், ட்ரினில் என்ற கிராமத்துக்கு அருகே, 1891-ஆம் ஆண்டு ஒரு மண்டையோட்டின் மேல்பகுதி கிடைத்தது. அது குரங்கின் மண்டையும் அல்ல, இன்றைய மனிதனின் மண்டையும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் நின்ற ஒரு பழங்கால உயிரின் மண்டை அது.

ஜாவா மனிதன் என்று உலகமே பேசிய அந்த எலும்பைத் தேடி வந்தவர் யூஜின் துபுவா என்ற டச்சு டாக்டர். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் அந்தத் தேடல் நாள்தோறும் எப்படி நடந்தது, காய்ச்சலிலும் சேற்றிலும் நின்று மண்ணை வெட்டியவர்கள் யார் என்பது அதிகம் பேசப்படாத கதை. நம் பக்கத்துத் தீவுகளில் நடந்த கதை என்பதால் நாமும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மருந்துக்கடைக்காரரின் மகன்

யூஜின் துபுவா 1858 ஜனவரி 28-ஆம் தேதி, நெதர்லாந்தின் தென்கோடியில் உள்ள ஐஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை மருந்துக்கடை நடத்தியவர், ஊரின் மேயராகவும் இருந்தவர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். சிறுவன் யூஜின் அங்கே கல்லையும் கிளிஞ்சலையும் பொறுக்கிக்கொண்டு திரிந்தான். கல்லுக்குள் உறைந்துபோன பழங்கால உயிர்களின் மீது அவனுக்கு அப்போதே ஆசை விழுந்துவிட்டது.

மகனும் மருந்துத் தொழிலுக்கு வருவான் என்று தந்தை எதிர்பார்த்தார். மகனோ ஆம்ஸ்டர்டாம் போய் மருத்துவம் படித்தார். 1884-இல் டாக்டர் பட்டம் பெற்று, 1886-இல் அதே பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளர் ஆனார். அதே ஆண்டு அன்னா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். இன்னும் சில ஆண்டுகள் பொறுமையாக இருந்திருந்தால் பேராசிரியர் நாற்காலி கிடைத்திருக்கும்.

அவருக்குப் பொறுமை இல்லை. டார்வினின் கொள்கை ஐரோப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்த காலம் அது. மனிதனும் குரங்கினங்களும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவர்கள் என்றால், இரண்டுக்கும் நடுவில் இருந்த உயிரின் எலும்பு எங்கே என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். காட்டுவதற்கு யாரிடமும் எதுவும் இல்லை. அதைத் தானே தேடி எடுப்பது என்று துபுவா முடிவு செய்தார்.

எங்கே தேடுவது என்பதற்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. வால் இல்லாத பெரிய குரங்கினங்கள் வெப்ப நாடுகளில்தான் வாழ்கின்றன. ஓராங் ஊத்தானும் கிப்பனும் நமது மலாய்த் தீவுக்கூட்டத்தில் இருக்கின்றன. வெள்ளம் அரித்துப் போகாமல் பழைய எலும்புகளைக் காத்து வைக்கும் குகைகளும் சுமத்திராவில் உண்டு. அந்தத் தீவுகள் அப்போது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தன.

தேடலுக்குப் பணம் கேட்டார். அரசாங்கம் கொடுக்கவில்லை. உடனே வேலையை ராஜினாமா செய்துவிட்டு, டச்சுக் கிழக்கிந்திய ராணுவத்தில் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்துவிட்டார். இது பைத்தியக்காரத்தனம் என்று கூட வேலை செய்தவர்கள் நினைத்தார்கள். 1887 அக்டோபர் கடைசியில் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். டிசம்பரில் சுமத்திராவின் பாடாங் துறைமுகத்தில் வந்து இறங்கினார்.

சுமத்திராவின் குகைகள்

பாடாங் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, காயம் என்று சிப்பாய்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எலும்பு தேட நேரமே கிடைக்கவில்லை. மலைப்பக்கம் உள்ள பாயாக்கும்புவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். அங்கே நோயாளிகள் குறைவு. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குகைகள். ஓய்வு நேரத்தில் சொந்தச் செலவில் தோண்டத் தொடங்கினார். லிடா ஆயர் என்ற குகையில் ஓராங் ஊத்தான், காண்டாமிருகம், யானை, காட்டுப்பன்றி ஆகியவற்றின் பற்கள் குவியலாகக் கிடைத்தன.

அந்தப் பற்களைக் காட்டி அரசாங்கத்திடம் மீண்டும் விண்ணப்பித்தார். நாம் தேடாவிட்டால் வேறு நாட்டுக்காரன் வந்து எடுத்துப் பெயர் வாங்கிப் போய்விடுவான் என்று எழுதி அதிகாரிகளின் மானத்தையும் உசுப்பினார். அது வேலை செய்தது. 1889-இல் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து அவரை விடுவித்தார்கள். மேற்பார்வைக்கு ராணுவப் பொறியியல் பிரிவிலிருந்து இரண்டு பேர், தோண்டுவதற்கு ஐம்பது ஆட்கள் கிடைத்தார்கள்.

அந்த ஐம்பது பேரும் சம்பளத்துக்கு வந்த கூலிகள் அல்லர். கட்டாய உழைப்புத் தண்டனை பெற்ற கைதிகள். போகச் சொன்ன இடத்துக்குப் போக வேண்டும், வெட்டச் சொன்ன மண்ணை வெட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

குகைத் தேடல் என்றால் முதலில் காட்டுக்குள் வழி வெட்ட வேண்டும். அரிசி, மண்ணெண்ணெய், கூடாரம் எல்லாவற்றையும் தலைச்சுமையாகவே கொண்டு போக வேண்டும். குகைக்குள் வெளிச்சம் கிடையாது. வௌவால் எச்சம் முழங்கால் அளவுக்குக் கிடக்கும். மழை பிடித்தால் நாள்கணக்கில் விடாது. இவ்வளவு பாடுபட்டும் பெரும்பாலும் பற்கள்தான் மிஞ்சின. மற்ற எலும்புகளை முள்ளம்பன்றிகள் எப்போதோ கடித்துத் தின்று தீர்த்திருந்தன.

ஒருமுறை துபுவா குறுகலான ஒரு குகைக்குள் தலையை முன்வைத்துத் தவழ்ந்து போனாராம். உள்ளே அழுகிய இறைச்சி நாற்றம். அது புலி தங்கும் குகை என்று புரிந்து திரும்ப நினைத்தபோது உடல் சிக்கிக்கொண்டது. வெளியே நின்ற ஆட்கள்தான் காலைப் பிடித்து இழுத்து அவரை மீட்டார்கள் என்று சொல்லப்படுகிறது.

புலியைவிடக் கொடியது காய்ச்சல். மலேரியா கொசுவால் பரவுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இந்தியாவில் வேலை பார்த்த ரொனால்ட் ராஸ் அதைக் கண்டுபிடித்தது 1897-இல்தான். கொய்னா இருந்தது, ஆனால் காய்ச்சல் மறுபடி மறுபடி வந்தது. துபுவாவும் படுத்தார். கைதிகளும் படுத்தார்கள். சிலர் காட்டுக்குள் ஓடிப்போனார்கள். கிடைத்த பற்களும் அவர் தேடிய அளவுக்குப் பழையவை அல்ல. சுமத்திரா அவருக்குத் தோல்வியாகவே முடிந்தது.

ஜாவாவுக்கு மாற்றம்

1888-இல் ஜாவாவின் வஜாக் என்ற இடத்தில், பளிங்குக்கல் தேடிய ஒரு சுரங்கப் பொறியாளர் பழைய மனித மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்திருந்தார். அது துபுவாவின் கைக்கு வந்தது. ஜாவாவில் ஆற்றங்கரைகளிலும் பழைய எலும்புகள் கிடைப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். புகழ்பெற்ற ஜாவானிய ஓவியர் ராடென் சாலே பல ஆண்டுகளுக்கு முன்பே அவற்றைச் சேகரித்திருந்தார். ஊர் மக்கள் அவற்றை அரக்கர்களின் எலும்பு என்று சொல்லி மருந்துக்கும் தாயத்துக்கும் வைத்திருந்தார்கள்.

உடல்நிலையைக் காரணம் காட்டி ஜாவாவுக்கு மாற்றல் வாங்கிய துபுவா, 1890-இல் துலுங்காகுங் என்ற ஊரில் குடும்பத்தோடு குடியேறினார். அங்கே அவருக்கு வாய்த்த மேற்பார்வையாளர்கள் இருவர். கார்ப்பரல் கிரீலே, கார்ப்பரல் டி விண்டர். நம் தோட்டங்களில் மண்டோரும் கிராணியும் பார்த்த வேலைகளை இந்த இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஆட்களை எண்ணுவது, வேலை பிரிப்பது, கிடைத்ததை எழுதுவது, பெட்டியில் கட்டி அனுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இங்கேயும் மண்ணை வெட்டியவர்கள் கைதிகள்தான்.

1890 நவம்பரில் கெடுங் புருபுஸ் என்ற இடத்தில் ஒரு சிறு தாடைத் துண்டு கிடைத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் ட்ரினிலில் தோண்டத் தொடங்கினார்கள்.

ட்ரினிலில் ஒரு நாள்

ட்ரினிலில் ஆறு வளைந்து ஓடுகிறது. கரை செங்குத்தாக உயர்ந்து நிற்கிறது. மேலே இருப்பது பிற்கால மண். அதற்குக் கீழே எரிமலைச் சாம்பலும் மணலும் இறுகிய அடுக்குகள். எலும்புகள் நிறைந்த அடுக்கு எல்லாவற்றுக்கும் அடியில், ஆற்று நீர்மட்டத்தை ஒட்டிக் கிடந்தது. அதன் கனம் சுமார் ஒரு மீட்டர்தான்.

ஆகவே மழை நின்று ஆறு வற்றும் மாதங்களில்தான் வேலை செய்ய முடியும். மழைக்காலம் தொடங்கினால் வெள்ளம் குழியை மூடிவிடும். அடுத்த ஆண்டு ஆறு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆண்டில் சில மாதங்களே வேலை என்பதால், அந்த மாதங்களில் வேலை கடுமையாக இருந்தது.

மேல்மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து அப்புறப்படுத்த வேண்டும். எலும்பு அடுக்கை நெருங்கியதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதுவரை பலம் காட்டிய கை, அங்கே பூப்பறிப்பதுபோல மெதுவாக வேலை செய்ய வேண்டும். ஒரே ஒரு அடி தவறாக விழுந்தால் பல லட்சம் ஆண்டுகள் தாங்கிய எலும்பு நொறுங்கிவிடும். எது கல், எது எலும்பு என்று பிரித்துப் பார்க்கும் கண்ணும் வேண்டும். இந்தப் பழக்கம் எந்தப் பள்ளியிலும் கற்றதல்ல. வெயிலில் குந்தியிருந்து, நாள்கணக்கில் மண்ணைப் பார்த்துப் பார்த்து வந்தது.

யானையைப் போன்ற ஸ்டெகோடான், காட்டெருமை, மான், காண்டாமிருகம், பன்றி, முதலை, ஆமை, ஆற்றுச் சிப்பி என்று அந்த அடுக்கிலிருந்து வந்தவை ஆயிரக்கணக்கில். அவற்றைக் கட்டி, பெட்டியில் அடுக்கி, கிரீலேயும் டி விண்டரும் எழுதிய கடிதங்களோடு துலுங்காகுங்குக்கு அனுப்பினார்கள். துபுவாவின் வீட்டில் எலும்புகள் குவிந்தன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ட்ரினிலுக்கும் துலுங்காகுங்குக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர். துபுவா அவ்வப்போது வந்து பார்த்துப் போவார். மற்ற நாட்களில் கடிதம் வழியாகத்தான் வேலை நடந்தது. யாருக்குக் காய்ச்சல், என்ன கிடைத்தது என்று எல்லாமே கடிதத்தில் வரும். சீன வியாபாரிகள் இந்த எலும்புகளை டிராகன் எலும்பு என்று மருந்துக்கு வாங்கினார்கள். தோண்டுபவர்கள் சிலர் எலும்புகளை மறைத்து விற்றுவிட்டதாகவும் புகார் எழுந்தது. கூலி இல்லாமல் உழைக்க வைக்கப்பட்ட கைதிக்குக் கையில் நாலு காசு கிடைக்க வேறு என்ன வழி இருந்தது என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மண்டையோடும் தொடை எலும்பும்

1891 செப்டம்பரில் ஒரு கடைவாய்ப்பல் கிடைத்தது. அக்டோபரில், கரும்பழுப்பு நிறத்தில், கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் மண்டையோட்டின் மேல்பகுதி வெளிப்பட்டது. நீளம் சுமார் 18 செண்டிமீட்டர். நெற்றி தாழ்ந்து, புருவ எலும்பு முன்னே தள்ளி நின்றது. முதலில் அதை ஒருவகைச் சிம்பன்சி என்றே துபுவா நினைத்தார். பிறகு மழை வந்துவிட்டது. வேலை நின்றது.

1892 ஆகஸ்டில், மண்டையோடு கிடைத்த இடத்திலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, ஒரு முழுத் தொடை எலும்பு கிடைத்தது. அது நிமிர்ந்து நடந்த உயிரின் எலும்பு. இரண்டும் ஒரே உயிருடையவை என்று துபுவா முடிவு செய்தார். மனிதனைப் போல் நிமிர்ந்து நடந்தது, ஆனால் மூளை சிறியது. சிம்பன்சியின் மூளை அளவு சுமார் 400 கன செண்டிமீட்டர், நம்முடையது சுமார் 1,350. இந்த மண்டையோட்டின் அளவு 900-ஐ ஒட்டியது. இதைத்தானே அவர் தேடி வந்தார்!

நிமிர்ந்து நடந்த குரங்கு மனிதன் என்று பொருள்படும் பிதிகாந்த்ரோபஸ் எரெக்டஸ் என்ற பெயரைச் சூட்டி, 1894-இல் பத்தாவியாவில் நூலாக வெளியிட்டார். இன்றைய ஜக்கார்த்தாதான் அன்றைய பத்தாவியா.

1895-இல் ஊர் திரும்பும் முன் இந்தியாவுக்கும் போனார். கல்கத்தா அருங்காட்சியகத்தையும், பழங்கால எலும்புகளுக்குப் பேர்போன சிவாலிக் மலைகளையும் பார்த்துவந்தார். பிறகு குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். நடுக்கடலில் புயல் அடித்தபோது, ஏதாவது ஆனால் பிள்ளைகளை நீ பார்த்துக்கொள், நான் இந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்ற பொருளில் மனைவியிடம் சொன்னாராம். எலும்பு அவரை எந்த அளவுக்குப் பிடித்திருந்தது என்பதற்கு இந்தக் கதை ஒன்றே போதும்.

ஊர் திரும்பிய பின்

பாராட்டை எதிர்பார்த்துப் போனவருக்குச் சண்டைதான் காத்திருந்தது. ஜெர்மனியின் பெரிய மருத்துவ அறிஞர் விர்கோ, இது ஒரு பெரிய கிப்பனின் மண்டை என்றார். வேறு சிலர் மனித மண்டை என்றார்கள். மண்டையும் தொடை எலும்பும் ஒரே உயிருடையவை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்ற கேள்விதான் மிகவும் குத்தியது. இரண்டும் மண்ணிலிருந்து வந்த நேரத்தில் அடுக்கைப் பார்த்தவர்கள் மேற்பார்வையாளர்களும் கைதிகளும்தான். கைதிகளிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை. அந்தத் தொடை எலும்பு பிற்கால மண்ணிலிருந்து வந்திருக்கலாம் என்றே இன்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மண்டையோட்டின் மதிப்பு மட்டும் குறையவில்லை. அந்த இனத்தை இன்று ஹோமோ எரெக்டஸ் என்கிறோம்.

1897-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1899-இல் பேராசிரியர் பதவியும் வந்தது. மண்டையோட்டுக்குள் இறுகியிருந்த கல்லைப் பல் டாக்டரின் துளைக்கருவியைக் கொண்டு தானே பொறுமையாகக் குடைந்து எடுத்தார். ஆனால் மனக்காயம் ஆறவில்லை. எலும்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, மற்ற ஆய்வாளர்களுக்குக் காட்ட மறுத்தார். 1923-இல்தான் மீண்டும் காட்டச் சம்மதித்தார். ஜாவாவில் வேறொருவர் மேலும் மண்டையோடுகளைக் கண்டெடுத்தபோது அவருடனும் வாதாடினார். 1940 டிசம்பர் 16-ஆம் தேதி, தன் பண்ணை வீட்டில், 82 வயதில் காலமானார். பெங்காவான் சோலோ பாட்டு பிறந்ததும் அதே 1940-இல்தான்.

மண் மறக்கவில்லை

துபுவா தோல்வி என்று விட்டுவந்த லிடா ஆயர் குகையைப் பிற்காலத்தில் மீண்டும் ஆராய்ந்தார்கள். அங்கே அவர் எடுத்த பற்களில் இரண்டு நம்மைப் போன்ற மனிதர்களுடையவை என்றும், அவை 63,000 முதல் 73,000 ஆண்டுகள் பழமையானவை என்றும் 2017-இல் அறிவித்தார்கள். ட்ரினில் பெட்டிகளில் இருந்த ஒரு சிப்பி ஓட்டில் யாரோ கீறிய கோணல்மாணலான கோடுகள் இருப்பதை 2014-இல் வெளியிட்டார்கள். அதன் வயது ஏறக்குறைய ஐந்து லட்சம் ஆண்டுகள். கைதிகள் தோண்டி, கார்ப்பரல்கள் கட்டி அனுப்பியவை நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் புதுச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கின்றன.

2025 செப்டம்பரில் நெதர்லாந்து அரசாங்கம், துபுவா கொண்டுபோன 28,000-க்கும் மேற்பட்ட எலும்புகளையும் மற்றப் பொருள்களையும் இந்தோனேசியாவிடம் திருப்பித் தர முடிவு செய்தது. அவை காலனி ஆட்சியின் பலத்தால், அந்த மண்ணின் மக்கள் விருப்பத்துக்கு மாறாக எடுக்கப்பட்டிருக்கலாம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

ட்ரினிலில் இன்றும் துபுவா நிறுத்திய நினைவுக்கல் இருக்கிறது. எலும்பு கிடைத்த இடம் அங்கிருந்து கிழக்கு-வடகிழக்கே 175 மீட்டர் என்று அது காட்டுகிறது. இடம் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. அந்த மண்டையோட்டை மண்ணிலிருந்து முதலில் தொட்டு எடுத்த மனிதனின் பெயர் மட்டும் இல்லை.

துபுவாவின் துணிச்சலை யாரும் மறுக்க முடியாது. ஒரு யோசனையை நம்பி வேலையை விட்டு, கடல் கடந்து, சொன்னதைக் கண்டெடுத்துக் காட்டியவர் அவர். காட்டை வெட்டி ரப்பர் நட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு, அந்தக் கல்லில் எழுதப்படாத பெயர்களும் கண்ணில் படும். எலும்புகள் ஜாவாவுக்குத் திரும்பும்போது அந்த ஐம்பது பேரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.